நாலு நாள் பட்டினி, ரத்தத்துல மட்டும் கொழுப்பு எப்படி ஏறுச்சு?

(ஒலிப்பதிவின் சீர்செய்த எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை எடுத்திருக்கோம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

வழக்கமா இங்க ஏதாவது ஒரு சிஸ்டத்தை எடுத்து, அது எப்படி வேலை செய்யுது, எங்க உடையுதுன்னு பிரிச்சுப் பார்ப்போம். இன்னைக்குப் பிரிக்கப்போறது எங்க அப்பாவோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அவர்கிட்டயும் அம்மாகிட்டயும் கேட்டுட்டுத்தான் பேசறேன். அப்பா சொன்னது, "என் பேரைச் சொல்லாத, மத்தபடி எல்லாத்தையும் சொல்லு." அம்மா சொன்னது, "நீ என்னைத் திட்டினதையும் சேர்த்துச் சொல்லு." ரெண்டையும் செய்யறேன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல. சாஃப்ட்வேர் வேலை. ஊர் கடலூர், இன்ஜினியரிங் படிச்சது சிதம்பரம் அண்ணாமலை நகர்ல. இந்த எபிசோடுக்காக டாக்டர்கள்கிட்ட கேட்டு, நிறைய படிச்சு, எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

முதல் பக்கம் பச்சை, நாலாவது பக்கம் சிவப்பு

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூர் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குப் புவனகிரி பக்கம் ரெண்டு ஏக்கர் நிலம் இருக்கு. சம்பா பயிர் தண்ணியில நிக்குது. அப்பா ரிடையர் ஆனதுக்கு அப்புறம் அந்த ரெண்டு ஏக்கர்தான் அவருக்கு ஆபீஸ். மழை விட்டதும் போயி, செருப்பில்லாம, முழங்கால் தண்ணியில நின்னு வரப்பை வெட்டி வடிகால் எடுத்திருக்கார். குதிகால்ல பித்தவெடிப்பு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல். உடம்பு வலி, அதுலயும் கெண்டைக்கால் தொட்டாலே கத்தறார். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டார். சாப்பாடு உள்ள இறங்கல. அம்மா கஞ்சி வெச்சா ரெண்டு வாய் குடிச்சுட்டு வெச்சிடறார். நான் சென்னையில இருக்கேன், ஒரு ரிலீஸ் வேலை போயிட்டிருக்கு. புத்திசாலித்தனமா ஒரு காரியம் செய்யறதா நினைச்சு, காய்ச்சல் வந்த நாலாவது நாள், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கற ஒரு பேக்கேஜை ஆன்லைன்ல புக் பண்ணினேன்.

சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்துச்சு. முதல் பக்கத்துல பெரிய இதயம் படம். எல்.டி.எல். 42, பச்சை டிக். மொத்தக் கொலஸ்டிரால் 128, பச்சை டிக். போன வருஷம் அப்பாவுக்கு எல்.டி.எல். 134, மொத்தம் 207. எனக்கு ஒரே சந்தோஷம். கீழ டிரைகிளிசரைடு 360, சிவப்பு. போன வருஷம் அது 160. எச்.டி.எல்., அதாவது 'நல்ல கொழுப்பு'ன்னு நாம சொல்றது, 14. அதுவும் சிவப்பு.

உடனே அம்மாவுக்குப் போன். "என்னம்மா, நெய்யும் எண்ணெயும் எவ்வளவு ஊத்தறீங்க? டிரைகிளிசரைடு 360-க்குப் போயிருக்கு!" அம்மா சொன்னாங்க, "பாப்பா, மனுஷன் நாலு நாளா ஒண்ணும் சாப்பிடலடி." நான் கேக்கல. தீபாவளிப் பலகாரத்துல ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் லெக்சர். அம்மா பதில் பேசாம போனை வெச்சுட்டாங்க.

மறுநாள் மதியம் அம்மாவே கூப்பிட்டாங்க. கண்ணு சிவந்து, அதுக்குள்ளயே மஞ்சளா இருக்கு, காலையிலேர்ந்து சிறுநீர் சரியா போகலன்னு சொன்னாங்க. அப்பத்தான் ரிப்போர்ட்டோட நாலாவது பக்கத்தைத் திறந்தேன். கிரியாட்டினின் 3.1. பிலிருபின் 4.2. பிளேட்லெட் 68,000. மூணும் சிவப்பு. முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்து என் போன்லயே இருந்த எண்கள்.

சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில எங்க சித்தப்பா வேலை பார்க்கறார். "அண்ணனை இங்க கூட்டிட்டு வாங்க, டயாலிசிஸ் வசதி இருக்கு"ன்னார். ஒரு மணி நேரப் பயணம். டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வயல்ல தண்ணியில நின்னாரா?" எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரோசிஸ். மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வர்ற அதோட தீவிர வடிவம். உடனே ஊசி மருந்து ஆரம்பிச்சாங்க.

"இவர் சாப்பிட்டதால ஏறல"

மூணாவது நாள், நிலைமை கொஞ்சம் நிதானமானதும், டாக்டர்கிட்ட அந்த முதல் பக்கத்தைக் காட்டினேன். "சார், கொலஸ்டிராலாவது நல்லா இருக்கே?" அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "என்ன படிச்சிருக்கீங்க?" சொன்னேன். "அப்ப ஈஸி. சர்வர் எரிஞ்சுக்கிட்டிருக்கும்போது எடுத்த ரீடிங் இது. இதை வெச்சு சாப்பாட்டைக் குறை சொல்லாதீங்க. 42 நல்ல செய்தியும் இல்ல. உடம்பு மொத்தமா வேற மோடுக்குப் போயிருக்குன்னு அர்த்தம்."

வெளியில பெஞ்சுல அம்மா உட்கார்ந்திருந்தாங்க. நான் திட்டினதை நம்பி, தான் ஊத்தின நெய்தான் காரணமோன்னு மூணு நாளா மனசுக்குள்ள வெச்சுப் புழுங்கிக்கிட்டு இருந்திருக்காங்க. அந்தக் கேள்விக்கு ஒரு ஒழுங்கான பதில் சொல்லணும்னுதான் இந்த எபிசோடு. நாலு நாள் சாப்பிடாத மனுஷனோட ரத்தத்துல கொழுப்பு எங்கேர்ந்து வந்துச்சு?

சாதாரணப் பட்டினி

முதல்ல ஆரோக்கியமா இருக்கற ஒருத்தர் பட்டினி கிடந்தா என்ன நடக்கும்னு பார்ப்போம். நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்கலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. குடோன், லாரி, மூட்டை தூக்கற லோடுமேன்.

தோலுக்கு அடியிலயும் வயித்துலயும் இருக்கற கொழுப்புத் திசுதான் குடோன். மூட்டைதான் டிரைகிளிசரைடு. பட்டினி கிடந்தா இன்சுலின் குறையும். குடோன் திறக்கும். மூட்டையைப் பிரிச்சு, கொழுப்பு அமிலமா ரத்தத்துல விடும். அதைச் சுமக்கறது அல்புமின்கற புரதம். தசையும் இதயமும் அதை எரிச்சுக்கும். கல்லீரல் ஒரு பகுதியைக் கீட்டோனா மாத்தி மூளைக்கு அனுப்பும். வரவும் செலவும் ஏறக்குறைய சமம், அதனால பெரிய தேக்கம் வராது. சஷ்டி விரதம் இருந்தவங்க டிரைகிளிசரைடு பாத்தா 360 எல்லாம் வராது.

அப்ப பட்டினி மட்டும் காரணம் இல்ல.

கிருமி உள்ள வந்தா

தீவிரத் தொற்றுல மூணு விஷயம் ஒரே நேரத்துல நடக்குது.

ஒண்ணு, குடோன் அளவுக்கு மீறித் திறக்குது. கிருமியைப் பார்த்த நோய் எதிர்ப்பு செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6ன்னு எச்சரிக்கை ரசாயனங்களை விடும். கூடவே அட்ரினலின், கார்டிசால் ஏறும். இதெல்லாம் சேர்ந்து கொழுப்புத் திசுவை உடைச்சுக்கிட்டே இருக்கும்.

ரெண்டு, அப்படி வந்த கொழுப்பு அமிலத்தைக் கல்லீரல் வழக்கம் போல எரிக்கறதில்ல. கீட்டோனா மாத்தறதும் குறையுது. அதுக்குப் பதிலா மறுபடியும் மூட்டை கட்டி, வி.எல்.டி.எல்.கற லாரியில ஏத்தி ரத்தத்துக்குள்ள அனுப்புது.

மூணு, ரத்தக்குழாய் சுவர்ல உட்கார்ந்து, லாரியிலேர்ந்து மூட்டையை இறக்கற லோடுமேன் ஒருத்தர் இருக்கார். அவர் பேர் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ். ஒரு என்சைம். தொற்று நேரத்துல, அதே எச்சரிக்கை ரசாயனங்களால, கொழுப்புத் திசுவிலயும் தசையிலயும் அவரோட வேலை குறையுது.

லாரி கூடுதலா வருது, இறக்க ஆள் இல்ல. ரோட்டோரம் லாரி வரிசை கட்டி நிக்குது. அந்த வரிசையைப் பார்த்துட்டு "இந்த வருஷம் நல்ல விளைச்சல் போல"ன்னு ஒருத்தர் சொன்னா எப்படி இருக்கும்? அதைத்தான் நான் அம்மாகிட்ட போன்ல சொன்னேன்.

கொலஸ்டிரால் ஏன் இறங்குச்சு? எச்.டி.எல். துகள்ல ஒரு முக்கியப் புரதம் உண்டு. அழற்சி நேரத்துல கல்லீரல் கொட்டற சீரம் அமைலாய்டு ஏ-ங்கற இன்னொரு புரதம் அதைத் தள்ளிட்டு இடம் பிடிக்குது. துகளோட குணமே மாறி, வேகமா ரத்தத்தைவிட்டுப் போயிடுது. எல்.டி.எல். குறையறதுக்குப் பல காரணம்: உற்பத்தி குறையுது, கசியற ரத்தக்குழாய் வழியா வெளியேறுது, கார்டிசால் செய்யக் கொலஸ்டிரால்தான் மூலப்பொருள். ஐ.சி.யூ.வில் பல ஆய்வுகள்ல பார்த்தது இதுதான்: எச்.டி.எல். எவ்வளவு ஆழமா இறங்குதோ, நோய் பெரும்பாலும் அவ்வளவு தீவிரமா இருக்கு. 2020-ல கோவிட் வந்தப்பவும் எல்.டி.எல்., எச்.டி.எல். ரெண்டும் இறங்கறதைப் பல நாட்டு டாக்டர்கள் பதிவு செஞ்சாங்க.

மெலிஞ்ச முயல், பால் மாதிரி ரத்தம்

எங்க வீட்டுக் கேள்வியை ஏற்கெனவே ஒருத்தர் கேட்டிருக்கார்னு தெரிஞ்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஆண்டனி செராமி. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக விஞ்ஞானி. ஆப்பிரிக்காவுல டிரிப்பனோசோம்கற ஒட்டுண்ணி தாக்கின மாடுகள் எலும்பும் தோலுமா மெலிஞ்சு செத்துப்போறது அவரை யோசிக்க வெச்சுச்சு. ஆய்வகத்துல முயல்களுக்கு அந்தத் தொற்றைக் கொடுத்துப் பார்த்தாங்க. முயல் மெலியுது. ஆனா ரத்தத்துல டிரைகிளிசரைடு ஏறி, சீரம் பால் மாதிரி வெளுத்திருக்கு. உடம்புல கொழுப்பு இல்ல, ரத்தத்துல கொழுப்பு. 1980-ல அவங்க கண்டது, லோடுமேன் என்சைம் குறைஞ்சு போயிருக்குன்னு.

யார் அவரை நிறுத்தினது? 1981-ல கவகாமியும் செராமியும் காட்டினது: பாக்டீரியா நச்சு பட்ட மேக்ரோஃபேஜ் செல்கள் ஒரு பொருளை வெளிய விடுது, அதுதான் அந்த என்சைமை அடக்குது. அதுக்கு 'கேக்கெக்டின்'னு பேர் வெச்சாங்க. 'மோசமான உடல்நிலை'ங்கற அர்த்தம் வர்ற கிரேக்க வேர்ச்சொல். 1985-ல புரூஸ் பாய்ட்லர் அதைப் பிரிச்செடுத்துப் பார்த்தா, புற்றுநோய்க் கட்டியைக் கொல்லும்னு வேற ஒரு கூட்டம் தேடிக்கிட்டிருந்த டி.என்.எஃப்.-ம் இதுவும் ஒண்ணுதான். உடம்பை மெலியவைக்கறதும், கிருமியோட சண்டை போடறதும், ரத்தத்துல கொழுப்பை ஏத்தறதும் ஒரே பொருள். பாய்ட்லருக்குப் பின்னாடி, 2011-ல, நோய் எதிர்ப்பு பத்தின வேற ஒரு கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைச்சுது.

இது பிழையா, ஏற்பாடா?

எங்க பாஷையில கேட்டா, இது பக்-கா, ஃபீச்சரா? எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

சான்ஃபிரான்சிஸ்கோவுல கென்னத் ஃபைன்கோல்ட், கார்ல் குருன்ஃபெல்ட்னு ரெண்டு பேரும் அவங்க குழுவும் இதைப் பல வருஷம் ஆராய்ஞ்சாங்க. பல பாக்டீரியாக்களோட வெளிப்பூச்சுல எண்டோடாக்சின்கற நச்சு இருக்கு. அது கொழுப்புல ஒட்டற குணம் உள்ளது. 1990-ல அந்தக் குழு வெளியிட்ட ஆய்வுல, மனித ரத்தத்துலேர்ந்து எடுத்த வி.எல்.டி.எல்., கைலோமைக்ரான் துகள்களோட அந்த நச்சைக் கலந்து எலிகளுக்குக் கொடுத்தா, சாவு தடுக்கப்பட்டது. கொழுப்பு லாரி, நச்சையும் சேர்த்துப் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போகுது. கூடவே, சண்டை போடற செல்களுக்கு எரிபொருளும் அதுதான். அதனால ஆரம்பத்துல இது ஒரு ஏற்பாடா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

ஆனா எந்த ஏற்பாடும் ரெண்டு மூணு நாளுக்குத்தான். வாரக்கணக்குல ஓடினா அதே ஏற்பாடு உடம்பைத் தின்ன ஆரம்பிச்சுடுது.

கொழுப்பைச் சாப்பிடற கிருமி

இப்ப எலிக்காய்ச்சல் கிருமிக்கு வருவோம். லெப்டோஸ்பைரா. ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ரொம்ப மெல்லிய பாக்டீரியா. எலியோட சிறுநீரகத்துல குடியிருந்து, சிறுநீர் வழியா வயல் தண்ணிக்கு வருது. ஈர மண்ணுலயும் தண்ணியிலயும் வாரக்கணக்குல உயிரோட இருக்கும். வெட்டுக்காயம், பித்தவெடிப்பு, கண்ணு, வாய் வழியா உள்ள போகும்.

இந்தக் கிருமிக்குச் சர்க்கரை எரிபொருள் இல்ல. அதோட முக்கிய உணவு நீளமான கொழுப்பு அமிலங்கள். ஆய்வகத்துல இதை வளர்க்கணும்னா சர்க்கரை போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஒலியிக் அமிலம் சேர்ந்த ஒரு பொருளையும், அதைச் சுமக்க அல்புமினையும் வெச்சுத்தான் வளர்ப்பாங்க. அதாவது, காய்ச்சல் நேரத்துல நம்ம உடம்பு குடோனைத் திறந்து எதை ரத்தத்துல விடுதோ, அதே வகைச் சாப்பாடு.

அதுக்காக "கொழுப்பு இருந்ததாலதான் நோய் முத்துச்சு"ன்னு நான் சொல்லல. பட்டினி கிடந்தா கிருமி சாகும்னும் நினைக்காதீங்க. பட்டினி கிடந்தாத்தான் குடோன் இன்னும் திறக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. தீவிரத் தொற்றுல அல்புமின் குறையும். கல்லீரல் குறைவா செய்யுது, ரத்தக்குழாய் வழியா கசியுது. கொழுப்பு அமிலம் ஏறுது, சுமக்க ஆள் குறையுது. சுமக்க ஆளில்லாம சுத்தற கொழுப்பு அமிலம் செல்களுக்கு நச்சு. ஒவ்வொரு செல் சுவர்லயும் சோடியத்தை வெளிய தள்ளி, பொட்டாசியத்தை உள்ள இழுக்கற ஒரு பம்ப் இருக்கு. லெப்டோஸ்பைரா பொருள்கள்ல இருக்கற ஒலியிக் அமிலம் மாதிரியான கொழுப்பு அமிலங்கள் அந்தப் பம்பைத் தடுக்குதுன்னு பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் 1990-கள்லயே காட்டியிருக்காங்க. இந்த நோய் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் ஏன் இவ்வளவு அடிக்குதுங்கற கேள்விக்கு அது ஒரு துண்டுப் பதில்.

எலிக்காய்ச்சல் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. 1993 கடைசியில பெரிய மழை வெள்ளம் வந்து, அதுக்கு அப்புறம் மதுரைப் பக்கம் கண்ணுக்குள்ள அழற்சியோட நிறைய பேர் வந்தாங்க. அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் அது லெப்டோஸ்பைராவால வந்ததுன்னு கண்டுபிடிச்சு எழுதினாங்க. வெள்ளம் வடிஞ்சதுக்கு அப்புறமும் அந்த வெள்ளத்தோட கதை முடியறதில்ல.

எண்ணைத் திருத்தினா நோயாளி பிழைப்பாரா?

எனக்கு அடுத்து வந்த கேள்வி: எச்.டி.எல். 14-ன்னா, வெளியிலேர்ந்து கொழுப்பு ஏத்தினா என்ன? இதைச் செஞ்சும் பார்த்திருக்காங்க. எண்டோடாக்சினை உறிஞ்சட்டும்னு, ஒரு பாஸ்போலிப்பிட் குழம்பைத் தீவிர செப்சிஸ் நோயாளிகளுக்கு நரம்பு வழியா ஏத்தின பெரிய ஆய்வு 2009-ல வெளியாச்சு. சாவு குறையல. இன்னொரு பக்கம், கொலஸ்டிராலைக் குறைக்கற ஸ்டாட்டின் மாத்திரை அழற்சியையும் தணிக்குமேன்னு, செப்சிஸால நுரையீரல் பாதிச்சவங்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-ல வந்துச்சு. அதுவும் உயிரைக் காப்பாத்தறதுல உதவல.

நாங்க ஆபீஸ்ல அடிக்கடி செய்யற தப்பு இது. டேஷ்போர்டுல சிவப்பா இருக்கற எண்ணைப் பச்சையாக்கறதுலயே குறியா இருப்போம். அந்த எண் ஏன் சிவப்பாச்சுங்கறதைச் சரி செஞ்சாத்தான் சர்வர் பிழைக்கும். அப்பாவுக்கு வேலை செஞ்சது ஆன்டிபயாட்டிக் ஊசியும், நாலு தடவை டயாலிசிஸும், நர்ஸுங்க மணிக்கொரு தடவை அளந்து எழுதின சிறுநீர்க் கணக்கும்தான். கொழுப்புக்குன்னு ஒரு மாத்திரைகூட யாரும் கொடுக்கல.

சாப்பாட்டையும் டாக்டர்கள் தள்ளிப்போடல. ரெண்டாவது நாளே மூக்குக்குழாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சாங்க. "நிறைய கொடுத்தாச் சீக்கிரம் தேறிடுவாரா சார்?"னு அம்மா கேட்டாங்க. "இறக்க ஆள் இல்லாத இடத்துல மூட்டையை அனுப்பி என்ன பண்றது அம்மா? மெதுவா கூட்டுவோம்"னார். லாரி உதாரணம் எனக்கு அவர்கிட்டேர்ந்து வந்ததுதான்.

மெதுவா உருக்கற நோய்

அப்பாவுக்கு நடந்தது வேகமான வடிவம். இதுவே மாசக்கணக்குல நடந்தா? அதுக்குத் தமிழ்ல ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு. காசநோய்க்கு எங்க ஆயா சொல்ற பேர், எலும்புருக்கி. கேக்கெக்டின்னு பேர் வெச்சதுக்கு ரொம்ப முன்னாடியே, உருக்கறதுங்கற வார்த்தையை நம்ம ஆளுங்க பிடிச்சுட்டாங்க.

காசநோய்க் கிருமியும் கொழுப்புப் பிரியர்தான். மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு நம்ம கொலஸ்டிராலையும் கொழுப்பு அமிலத்தையும் தின்னு வாழும். வெளிய நோயாளி மெலிவார். தமிழ்நாட்டுல 2022-ல ஆரம்பிச்ச 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இந்த மெலிவைத்தான் முதல்ல பார்க்குது. காசநோய்னு உறுதியானதும், எடைக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காம நிக்க முடியுதான்னு சில எளிய சோதனை. மோசமா இருக்கறவங்களை உடனே ஆஸ்பத்திரியில சேர்க்கறாங்க. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

ஜார்கண்டுல நடந்து 2023-ல வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வுல 2,800 நோயாளிகளுக்கு மருந்தோட சத்துணவும் கொடுத்தாங்க. முதல் ரெண்டு மாசத்துல எடை 5 சதவீதம் கூடினவங்களுக்குச் சாவு அபாயம் 61 சதவீதம் குறைவா இருந்துச்சு. மருந்து கிருமியைக் கொல்லும். காலியான குடோனை நிரப்பறது சாப்பாடு.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது

சுருக்கமா சில விஷயம். எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

காய்ச்சல்ல இருக்கும்போது கொலஸ்டிரால் டெஸ்ட் எடுக்காதீங்க. எடுத்திருந்தா அதை வெச்சு முடிவு எதுவும் செய்யாதீங்க. பெரிய நோய் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுங்க. எல்.டி.எல். இறங்கியிருக்குன்னு நீங்களா ஸ்டாட்டினை நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. டிரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டினா கணையத்துக்கு ஆபத்து, அது வேற கதை, அதையும் டாக்டர்தான் பார்க்கணும்.

ரிப்போர்ட் வந்தா கடைசிப் பக்கம் வரைக்கும் பாருங்க. காய்ச்சல்காரருக்கு கிரியாட்டினின், பிலிருபின், பிளேட்லெட், இது மூணும் இதயம் படத்தைவிட முக்கியம்.

மழைத் தண்ணி, வயல் தண்ணி, சாக்கடைத் தண்ணியில நின்னு, ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல் வந்தா, டாக்டர்கிட்ட முதல் வாக்கியமா அதைச் சொல்லுங்க: "தண்ணியில நின்னேன்." கெண்டைக்கால் வலி, பீளை இல்லாத சிவந்த கண்ணு, சிறுநீர் குறையறது, கண்ணு மஞ்சளாகறது, இதுல எது இருந்தாலும் வீட்டுல உட்கார்ந்திருக்காதீங்க. ஆரம்பத்துலயே பிடிச்சா சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கே கேக்கற நோய் இது. வயல்ல இறங்கும்போது கம்பூட்ஸ் போடுங்க. சேத்துல நடக்க முடியாதுன்னு சொல்வாங்க, எங்க அப்பாவும் சொன்னார். பித்தவெடிப்பையாவது முதல்ல ஆத்திக்கிட்டு இறங்குங்க.

அப்பா பதினோரு நாள்ல வீட்டுக்கு வந்தார். 71 கிலோ இருந்தவர் 62. தொடையில சதையே இல்ல, வாசப்படி ஏற ஆள் பிடிக்கணும். கொழுப்பைவிடத் தசைதான் திரும்பி வர ரொம்ப நாள் எடுத்துச்சு. முட்டை, மீன், பருப்பு, சாயங்காலம் தெருமுனை வரைக்கும் நடை. ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா டயாலிசிஸ் இல்லாம போயிருக்குமான்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டேன். "இப்ப அந்தக் கணக்கு வேண்டாம்"னார். எனக்கு அந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

மூணு மாசம் கழிச்சு மறுபடியும் கொலஸ்டிரால் டெஸ்ட். டிரைகிளிசரைடு 155. எச்.டி.எல். 39. எல்.டி.எல். 126. அதே முதல் பக்கம், அதே இதயம் படம், எல்.டி.எல்.-க்கு நேரா சிவப்பு. நான் அம்மாகிட்ட போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தாங்க. "சிவப்பா இருக்கே பாப்பா?"

"ஆமாம்மா. அப்பா பழைய அப்பாவா ஆயிட்டார்னு அர்த்தம். நெய்யைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம். ஆனா அன்னைக்கு நடந்ததுக்கு உங்க நெய் காரணம் இல்ல. நான் சொன்னது தப்பு."

அம்மா ஒண்ணும் சொல்லல. உள்ள போயி அப்பாவுக்குத் தோசை ஊத்த ஆரம்பிச்சாங்க. எண்ணெய் கொஞ்சம் கம்மிதான்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். தண்ணியில நின்னு வேலை பார்க்கறவங்க உங்க வீட்டுல இருந்தா, இதை அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க.